வான்பாலம் என்றால் என்ன? கிழக்கு இமயத்தின் போர்க்கால விமானப் பாதையும் அதன் கீழிருந்த மலையூர்களும்

ஒரு நாட்டுக்கோ ஒரு படைக்கோ தரைவழியும் நீர்வழியும் அடைபட்டுவிட்ட நிலையில், அதற்கு வேண்டிய எரிபொருள், உணவு, மருந்து, ஆயுதம் ஆகிய அனைத்தையும் விமானங்களின் மூலமாகவே நாள்தோறும் இடைவிடாமல் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டை வான்பாலம் என்கிறோம். ஆபத்து நேரத்தில் ஓரிரு விமானங்களை அனுப்பி வைப்பது வான்பாலம் ஆகாது. ஒரு சாலையோ ரயில் பாதையோ செய்யும் வேலையை முழுமையாக வானத்தில் செய்து காட்டும்போதுதான் அந்தப் பெயர் பொருந்துகிறது. பெரும்பாலானோர் இதற்கு எடுத்துக்காட்டாக 1948-49இல் பெர்லின் நகருக்கு நடந்த விமானப் போக்குவரத்தைச் சொல்வார்கள். ஆனால் பெர்லினில் கையாளப்பட்ட முறைகளில் பல அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய அசாம், அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, வட மியான்மர், சீனாவின் யுன்னான் ஆகியவற்றின் மலைகளுக்கு மேலே கற்றுக்கொள்ளப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின்போது விமானிகள் ‘ஹம்ப்’ (திமில்) என்று அழைத்த அந்தப் பாதையைக் கொண்டே இக்கட்டுரை வான்பாலத்தை விளக்குகிறது.

அந்தப் பாதையைப் பற்றிய எழுத்துகளில் மலைகளும் விமானங்களும் நிறைய உண்டு. மலைகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை. விழுந்த விமானத்திலிருந்து உயிருடன் திரும்பியவர்களில் பலர் திரும்பியதற்குக் காரணம், கீழே இருந்த ஊர்களும் அந்த ஊர்களின் வழக்கங்களும்தான். அவர்களை விட்டுவிட்டு இந்த வான்பாலம் எப்படி இயங்கியது என்று சொல்ல முடியாது.

முதலில், இப்படி ஒரு பாதை ஏன் தேவைப்பட்டது என்று பார்க்கலாம். 1937இல் ஜப்பான் சீனாவின் மீது முழு அளவிலான போரைத் தொடங்கிச் சிறிது காலத்திலேயே சீனக் கடற்கரைத் துறைமுகங்கள் அதன் கைக்குப் போய்விட்டன. அதன்பின் சியாங் கை ஷேக்கின் அரசு, பர்மாவின் லாஷியோவிலிருந்து யுன்னானின் குன்மிங் வரை ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் நீளத்துக்கு மலைகளைக் குடைந்து அமைக்கப்பட்ட பர்மா சாலையை நம்பியிருந்தது. ரங்கூன் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு ரயிலில் லாஷியோவுக்கு வந்து, அங்கிருந்து லாரிகளில் சீனாவுக்குச் செல்லும். 1942 மார்ச்சில் ரங்கூனும் ஏப்ரல் இறுதியில் லாஷியோவும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன, சாலை அறுந்தது. சீனா போரிலிருந்து விலகிவிட்டால் அங்கே முடங்கியிருக்கும் லட்சக்கணக்கான ஜப்பானியப் படையினர் வேறு முனைகளுக்குத் திருப்பப்படுவார்கள் என்பது நேச நாடுகளின் கவலை. ஆகவே, பிரம்மபுத்திராவின் மேல் பள்ளத்தாக்கில் உள்ள விமானத் தளங்களிலிருந்து குன்மிங்கிற்கு விமானத்திலேயே சரக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. ஏப்ரல் 1942இல் தொடங்கிய போக்குவரத்து நவம்பர் 1945 வரை நீடித்து, ஏறத்தாழ 6,50,000 டன் சரக்கைச் சேர்த்தது.

சாபுவா, தின்ஜான், மோகன்பாரி, சுகராட்டிங், ஜோர்ஹாட் என்று அசாமில் இருந்த தளங்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களின் நடுவே எழுந்தவை. அவற்றின் ஓடுபாதைகளுக்கான கற்களை உடைத்ததும் சுமந்து பரப்பியதும் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களில் பெண்கள் பெருமளவில் இருந்தனர். தாழ்வான அந்தச் சமவெளியிலிருந்து எழும் விமானம் சில நிமிடங்களிலேயே பட்காய் மலைத்தொடரைக் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் சிந்த்வின் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கு, அதன் பிறகு குமோன் மலைகள், பிறகு ஐராவதியின் கிளைகள், பின்னர் சல்வீனும் மீகாங்கும் ஓடும் ஆழமான இடுக்குகள் என்று மலையும் பள்ளமும் மாறி மாறி வரும். சல்வீனுக்கும் மீகாங்கிற்கும் இடையே ஏறத்தாழ 15,000 அடிக்கு உயர்ந்து நின்ற சிகரத் தொடர்தான் ‘ஹம்ப்’ என்ற பெயருக்கு முதலில் உரியது. நாளடைவில் பாதை முழுவதற்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. குன்மிங் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 800 கிலோமீட்டர் கொண்ட இந்தப் பயணத்தின் பெரும்பகுதியில், எஞ்சின் பழுதானால் இறங்குவதற்குச் சமதரை கிடையாது.

வான்பாலத்தின் அடிப்படைச் சிக்கல் எளிதில் புரியக்கூடியது. ஒரு விமானம் தூக்கக்கூடிய மொத்த எடைக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள்தான் சரக்கும் அதைக் கொண்டுபோவதற்கான எரிபொருளும் அடங்க வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் எஞ்சினின் ஆற்றலும் இறக்கைகளின் தூக்கும் திறனும் குறைகின்றன. ஆகவே மலை உயர்ந்தால் சரக்கு குறையும், தொலைவு கூடினாலும் சரக்கு குறையும். முதலில் பயன்பட்ட சி-47 என்னும் டகோட்டா நம்பகமான விமானம். ஆனால் முழுச் சுமையுடன் அந்த உயரங்களில் பறப்பது அதற்குக் கடினம். அடுத்து வந்த சி-46 கூடுதல் சுமையைக் கூடுதல் உயரத்துக்குக் கொண்டுபோனது. எனினும் போதிய சோதனையின்றி அவசரமாகப் பணிக்கு வந்ததால் அதன் எஞ்சின்கள் அடிக்கடி பழுதாயின. குண்டுவீச்சு விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்றி அமைத்த சி-87, இறக்கைகளில் பனி உறைந்தால் தாங்காது என்று விமானிகளிடையே பெயரெடுத்திருந்தது. சென்று சேர்ந்த சரக்கில் பெரும்பகுதி விமான எரிபொருளே. அதைக் கொண்டுசேர்க்கவும் எரிபொருளையே எரிக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், சாலைக்கு மாற்றாக வானத்தை வைப்பது எவ்வளவு செலவு பிடிக்கும் ஏற்பாடு என்பது விளங்கும்.

வானிலை இதைவிடக் கொடியது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழையின் மேகங்கள் மலைகளை முழுவதுமாக மறைத்துவிடும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் காற்று வீசும். மலைமுகட்டைத் தாண்டி மறுபுறம் சரியும் காற்றில் சிக்கிய விமானம் ஒரு நிமிடத்துக்குள் ஆயிரக்கணக்கான அடி கீழே தள்ளப்படக்கூடும். தொடக்கத்தில் நம்பத்தகுந்த வரைபடங்கள் இல்லை, வழிகாட்டும் வானொலி நிலையங்கள் மிகக் குறைவு, விமானிகளில் பலர் அப்போதுதான் பயிற்சி முடித்து வந்தவர்கள். 1943இன் இறுதியில்தான் மாதத்துக்கு 10,000 டன் என்ற இலக்கு எட்டப்பட்டது. அதற்காக இரவிலும் மோசமான வானிலையிலும் பறக்க உத்தரவிடப்பட்டபோது விபத்துகளும் கூடவே ஏறின. போர் முடியும்போது ஏறத்தாழ 600 விமானங்கள் அழிந்திருந்தன; 1,600க்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயிருந்தனர். ஜப்பானியப் போர் விமானங்கள் வீழ்த்தியவை அவற்றில் சிறு பங்குதான்.

1944 செப்டம்பரில் இந்தப் போக்குவரத்தின் பொறுப்பை ஏற்ற அமெரிக்க ஜெனரல் வில்லியம் டன்னர் இதை வேறு விதமாகப் பார்த்தார். அதுவரை 650 மணி நேரம் பறந்துவிட்டால் விமானி தாய்நாடு திரும்பலாம் என்ற விதி இருந்ததால், சீக்கிரம் ஊர் திரும்பும் ஆவலில் பலர் ஓய்வே இல்லாமல் பறந்தனர். அந்தக் களைப்பு விபத்தில் முடிந்தது. டன்னர் பறக்க வேண்டிய மணிகளை உயர்த்தி, குறைந்தபட்சப் பணிக்காலத்தையும் விதித்தார். விமானங்கள் தொழிற்சாலையின் பொருள்களைப் போல ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு நகர, ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு குழு தனக்குரிய ஒரே வேலையை மட்டும் செய்யும் பராமரிப்பு முறையைக் கொண்டுவந்தார். 1945 ஜூலையில் ஒரே மாதத்தில் 71,000 டன்னுக்கு மேல் சென்றது; ஆகஸ்ட் 1 அன்று மட்டும் 1,118 பயணங்கள் நடந்தன, அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒரு விமானம். மூன்றாண்டுகள் கழித்து பெர்லினுக்கு நடந்த வான்பாலத்தை நடத்த அழைக்கப்பட்டவரும் இதே டன்னர்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். ஹம்ப் விமானங்கள் ஒரு தளத்தில் எழுந்து மறு தளத்தில் இறங்கின. ஆனால் அதே மலைகளில் போரிட்ட படைகளுக்கு ஓடுபாதைகள் கிடைக்கவில்லை. அவற்றுக்கு விமானத்திலிருந்து பொருள்களைக் கீழே போட வேண்டியிருந்தது. அரிசியைப் பாராசூட் இல்லாமலே போடுவார்கள்: உள் சாக்கைத் தளர்வாக நிரப்பி, அதைப் பெரிய சாக்கு ஒன்றுக்குள் வைத்து, சில சமயம் அதற்கு மேலும் ஒன்றைச் சுற்றித் தைப்பார்கள். தரையில் மோதும்போது உள் சாக்கு கிழிந்தாலும் வெளிச் சாக்கு அரிசியைத் தாங்கிக்கொள்ளும். வெடிமருந்தும் மருந்துப் புட்டிகளும் பாராசூட்டில் இறங்கின. பட்டுக்கும் நைலானுக்கும் தட்டுப்பாடு வந்தபோது, பிரிட்டிஷ் ஜெனரல் வில்லியம் ஸ்லிம்மின் பதினான்காம் படை கல்கத்தா ஆலைகளில் சணலால் பாராசூட் தைக்க வைத்தது. 1944இல் இம்பாலும் கோஹிமாவும் முற்றுகையிடப்பட்டபோது ஹம்ப் பாதையிலிருந்தே சில விமானங்கள் அங்கே திருப்பிவிடப்பட்டன.

இனி கீழே இருந்தவர்களைப் பார்ப்போம். பாதையின் மேற்குப் பகுதியில் நாகர்களின் பல இனங்களும், வடக்கே ஆதி, மிஷ்மி மக்களும், பட்காயின் இருபுறமும் சிங்போ மக்களும், பர்மாப் பக்கத்தில் அவர்களுடைய உறவினரான கச்சின் மக்களும், இன்னும் கிழக்கே லிசு மக்களும் வாழ்ந்தனர். ஆங்கிலேயரின் வரைபடத்தில் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடைப்பட்ட ஒரு நிலப்பரப்பு ‘நிர்வாகத்துக்கு உட்படாத பகுதி’ என்று குறிக்கப்பட்டிருந்தது. ஆளும் அரசு அங்கே இல்லை என்பதுதான் அதன் பொருள். ஒழுங்கு இல்லை என்பதல்ல. நாக ஊர்கள் மலைமுகடுகளில், கூர்மையான மூங்கில் முளைகள் நட்ட அகழிகளும் வேலிகளும் சூழ அமைந்திருந்தன. இளைஞர்கள் தங்கும் மொருங் என்னும் பொதுவீடு காவல் நிலையமாகவும் கல்விக்கூடமாகவும் இருந்தது. ஒரே மரத்தைக் குடைந்து செய்த பெருமுரசின் ஒலி, தாக்குதலையும் இறப்பையும் விழாவையும் அடுத்தடுத்த மலைகளுக்கு அறிவித்தது.

அந்த ஊர்களின் போர், படைகள் மோதிக்கொள்ளும் போர் அன்று. ஒரு சிறு கூட்டம் பதுங்கிச் சென்று எதிரி ஊராரில் ஒருவரையோ சிலரையோ வீழ்த்தித் தலையைக் கொண்டுவரும். அந்தத் தலையின் ஆற்றல் ஊரின் விளைச்சலையும் நலத்தையும் பெருக்கும் என்பது பல இனங்களின் நம்பிக்கையாக இருந்தது. வீழ்த்தியவருக்குச் சிறப்பு அணிகலன்களும் சில இனங்களில் பச்சை குத்திக்கொள்ளும் உரிமையும் கிடைத்தன. பழிக்குப் பழி, நில எல்லை, பயிர்க்காலம், சமாதான உடன்படிக்கை ஆகியவற்றோடு பிணைந்த விதிகள் அந்தப் போருக்கு இருந்தன. இதில் கொல்லப்பட்டவர்களில் பெண்களும் குழந்தைகளும் உண்டு என்பதால் இதை அழகுபடுத்திச் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் யார் பகைவர், யார் விருந்தினர் என்பதில் அந்தச் சமூகங்களுக்குத் தெளிவு இருந்தது. வானத்திலிருந்து விழுந்தவர்களின் உயிர் அந்தத் தெளிவையே சார்ந்திருந்தது.

இதற்கு மிக நன்றாகப் பதிவான சான்று பங்ஷா ஊரில் நடந்தது. இன்றைய நாகாலாந்தின் நோக்லாக் மாவட்டத்தில், மியான்மர் எல்லையை ஒட்டி, கியாம்னியுங்கன் நாகர்கள் வாழும் ஊர் அது. அண்டை ஊர்களைத் தாக்கித் தலைகளையும் அடிமைகளையும் கொண்டுசென்றதற்காக, 1936 நவம்பரில் நாக மலைகளின் துணை ஆணையர் ஜே. பி. மில்ஸ் ஒரு தண்டனைப் படையெடுப்பை நடத்தினார். ஆஸ்திரிய மானிடவியலாளர் கிறிஸ்டோஃப் வான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் அவருடன் சென்றிருந்தார். பங்ஷாவின் வீடுகள் எரிக்கப்பட்டன. அது நடந்து ஏழாண்டுகள்கூட ஆகாத நிலையில், 1943 ஆகஸ்ட் 2 அன்று, சாபுவாவிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்ட ஒரு சி-46 விமானத்தின் இடது எஞ்சின் செயலிழந்தது. அதிலிருந்த ஏறத்தாழ இருபது பேர், பெரும்பாலும் அதற்கு முன் ஒருமுறைகூடப் பாராசூட்டில் குதித்திராதவர்கள், அந்த ஊரின் அருகே குதித்தனர். வானொலிச் செய்தியாளர் எரிக் செவரெய்டும், அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜான் பேட்டன் டேவிஸும் அவர்களில் இருந்தனர். துணை விமானி மட்டும் உயிரிழந்தார்.

ஈட்டியும் ‘தாவ்’ என்னும் வெட்டுக்கத்தியும் ஏந்தி வந்த பங்ஷா ஊரார் அவர்களைக் கொல்லவில்லை; உணவளித்துத் தங்கவும் இடம் தந்தனர். அன்றே விமானங்கள் மேலே வந்து பொருள்களைப் போட்டன; காயமுற்றவர்களைக் கவனிப்பதற்காக டான் ஃபிளிக்கிஞ்சர் என்ற படை மருத்துவரும் இரு உதவியாளர்களும் தாங்களாகவே முன்வந்து அந்த மலையில் குதித்தனர். நாக மலைகளின் மொகோக்சுங்கிலிருந்து பிலிப் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஆயுதம் தாங்கிய நாகர்களுடனும் சுமைகாரர்களுடனும் மழைக்காலக் காட்டுவழியில் பல நாள் நடந்து அங்கே சேர்ந்தார். எல்லாரும் மலைகளின் ஊடே நடந்தே வெளியேறினர். அமெரிக்க விமானப்படையின் பாராசூட் மீட்புப் பிரிவினர் தங்கள் மரபின் தொடக்கங்களில் ஒன்றாக இந்நிகழ்ச்சியை இன்றும் நினைவுகூர்கின்றனர்.

பங்ஷா ஊரார் ஏன் அப்படி நடந்துகொண்டனர்? 1936இல் எரிந்த வீடுகளின் நினைவு நிச்சயம் ஒரு காரணம். வந்தவர்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் மீண்டும் படை வரும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். வானத்திலிருந்து வந்துகொண்டே இருந்த பொருள்களும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் அச்சமும் ஆதாயமும் மட்டுமே விடை என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை. ஊருக்குள் வந்து உணவு உண்டவரைக் காப்பது ஊரின் மானம் என்னும் வழக்கம் அந்த மலைகளில் பரவலாக இருந்தது. விருந்தோம்பலை அவர்களின் அரசியல் கணக்கிலிருந்து பிரித்துப் பார்ப்பதும், அரசியல் கணக்கே இல்லாத அப்பாவிகளாக அவர்களைக் காட்டுவதும் ஒரே அளவு தவறு.

1943இன் பிற்பகுதியில் சாபுவாவில் கேப்டன் ஜான் போர்ட்டரின் தலைமையில் தேடுதலுக்கென்றே ஒரு குழு அமைந்தது. அவரே அந்த டிசம்பரில் பணியின்போது உயிரிழந்தார். தேடும் விமானம் விழுந்தவரைக் கண்டுபிடிக்கலாம், உணவு போடலாம். அடர்ந்த காட்டிலிருந்து அவரை வெளியே கொண்டுவர மலை மக்களால்தான் முடிந்தது. வட பர்மாவில் கச்சின் மக்கள் அமெரிக்க உளவுத்துறையின் 101ஆம் பிரிவுடன் சேர்ந்து ஜப்பானியருக்கு எதிராகக் கொரில்லாப் போர் நடத்தியதோடு, நூற்றுக்கணக்கான விமானப் படையினரையும் மீட்டனர். அசாம் பக்கத்தில் ‘வி ஃபோர்ஸ்’ என்ற அமைப்பு மலை மக்களைக் கண்காணிப்பாளர்களாகக் கொண்டிருந்தது. காச்சார் மலையில் ஜேமே நாகர்களிடையே வாழ்ந்து அவர்களை ஆராய்ந்துவந்த உர்சுலா கிரஹாம் பவர் அதில் ஒரு குழுவை வழிநடத்தினார்.

விமானிகள் தங்கள் சட்டையில், இவரைக் காப்பாற்றுங்கள், தக்க வெகுமதி தரப்படும் என்று பல மொழிகளில் அச்சிட்ட துணி ஒன்றை வைத்திருந்தனர். எழுத்து வழக்கமே இல்லாத ஊர்களில் அதன் சொற்களைவிட அதிலிருந்த கொடிச் சின்னம்தான் பயன்பட்டிருக்கும். வெகுமதியாகக் கொடுக்கப்பட்டவை வெள்ளி ரூபாய், உப்பு, துணி. உட்பகுதி மலைகளில் உப்பு மிக அருமையான பொருள். சில இடங்களில் அபினும் கூலியாகத் தரப்பட்டது. போரின் அவசரம் என்று அதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அபின் பழக்கத்தால் ஏற்கெனவே நலிந்திருந்த சமூகங்களுக்கு விமானத்தில் அபினைக் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

போர் முடிந்ததும் ஹம்ப் நின்றது. அந்த மலைகளில் விமானத்தின் வேலை நிற்கவில்லை. அசாமின் லேடோவிலிருந்து பட்காயின் பங்சாவ் கணவாய் வழியே அமைக்கப்பட்ட சாலையில் முதல் லாரி வரிசை 1945 பிப்ரவரியிலேயே குன்மிங் சேர்ந்திருந்தாலும், சாலையைவிட வான்வழியே அதிகச் சரக்கைக் கொண்டுபோயிற்று. போருக்குப் பின் அந்தச் சாலையின் பெரும்பகுதி காட்டுக்குள் மறைந்தது. காட்டில் எஞ்சிய துப்பாக்கிகள் பின்னாளைய கிளர்ச்சிகளுக்குப் பயன்பட்டன. விடுதலைக்குப் பின் இந்திய அரசு, வடகிழக்கு எல்லைப்புறப் பகுதி எனப்பட்ட இன்றைய அருணாச்சலத்தில் தொலைதூரக் காவல் நிலைகளையும் அலுவலகங்களையும் நிறுவியபோது, அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் டகோட்டா விமானங்களிலிருந்துதான் போடப்பட்டன. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் விமானங்களும் அந்தப் பணியில் இருந்தன. அதே காலத்தில், 1960 ஆகஸ்டில், நாகாலாந்தின் புர் என்ற இடத்தில் முற்றுகையிடப்பட்டிருந்த அசாம் ரைபிள்ஸ் என்னும் துணை ராணுவப் படையின் நிலைக்குப் பொருள் போடச் சென்ற விமானப்படை டகோட்டா ஒன்றை நாகக் கிளர்ச்சியாளர்கள் சுட்டு இறக்கி, அதிலிருந்தவர்களைச் சிறைபிடித்தனர். 1966 மார்ச்சில், மிசோ கிளர்ச்சியின்போது, தெற்கே மிசோ மலையின் அய்ஸ்வால் நகர் மீது இந்திய விமானப்படையே தாக்குதல் நடத்தியது. வான்பாலம் அமைக்கும் திறன் எந்த அரசிடம் இருக்கிறதோ, அதே அரசிடம் வானத்திலிருந்து தாக்கும் திறனும் இருக்கிறது என்பதை மலை மக்கள் நேரில் கண்டவர்கள்.

விழுந்த விமானங்கள் பல இன்னும் அந்தக் காடுகளில்தான் கிடக்கின்றன. அருணாச்சலத்தின் தம்ரோ ஊருக்கு மேலே உள்ள மலையில், 1944 ஜனவரியில் எட்டுப் பேருடன் காணாமல்போன ஒரு பி-24 விமானம் 2006இல் அடையாளம் காணப்பட்டது. வழி தெரிந்தவர்கள் ஆதி வேட்டைக்காரர்களே. அறுபதாண்டுகள் காணாமல்போனதாகக் கருதப்பட்ட விமானம் அந்த ஊராருக்கு ஒருநாளும் காணாமல்போகவில்லை. அங்கிருந்து அமெரிக்கக் குழு 2015இல் எடுத்த எச்சங்கள் மறு ஆண்டு தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. 2023 நவம்பரில் பாசிகாட் நகரில் ஹம்ப் பாதைக்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இன்று மேச்சுகா, வாலோங், துதிங் போன்ற இடங்களில் விமானப்படையின் ஓடுபாதைகள் இருக்கின்றன. மலைகளின் வானிலையோ மாறிவிடவில்லை. 2019 ஜூன் 3 அன்று ஜோர்ஹாட்டிலிருந்து மேச்சுகாவுக்குப் பதின்மூன்று பேருடன் சென்ற ஏஎன்-32 விமானம் மறைந்தது. செயற்கைக்கோள்களும் ஹெலிகாப்டர்களும் தேடி, எட்டாம் நாள்தான் ஒரு மலைச்சரிவில் அதன் சிதைவுகளைக் கண்டன. ஒருவரும் பிழைக்கவில்லை. உடல்களை மீட்க அந்தச் சரிவில் இறக்கப்பட்ட பதினைந்து பேர் கொண்ட குழுவில் விமானப்படையினர், ராணுவத்தினர் ஆகியோருடன் அப்பகுதியின் உள்ளூர் மக்களும் இருந்தனர். பணி முடிந்த பின்னும் மழையும் மேகமும் விலகாததால் ஹெலிகாப்டர் அவர்களை அழைத்து வர முடியாமல், ஜூன் 29 வரை அக்குழு அங்கேயே தங்கியிருக்க வேண்டியிருந்தது.